ரிஜெக்ட் பெட்டியில் வியாழன்

நித்யஸ்ரீ அக்கா கல்யாணமாகி எங்கள் கம்பெனி முதலாளி வீட்டுக்கு வந்தபோது, அவர் கொண்டுவந்த சீரில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு கறுப்புக் குழாய் நின்றதாம். கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டு வந்த மருதாளக்காதான் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து இதைச் சொன்னார்.

“ஊர்ல சீருன்னா பிரிட்ஜ் வெப்பாங்க, வாசிங் மிசின் வெப்பாங்க. இவங்க போர் பைப்பைக் கொண்டாந்து வெச்சிருக்காங்க அம்மணி. பொண்ணோட அப்பன்கிட்ட என்னங்க இதுன்னு கேட்டா, புள்ளை இதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சுங்கங்கறாரு. அவங்க ஊரு தாராபுரத்துல தண்ணிக் கஷ்டம் போல இருக்குது.”

அது போர் பைப் இல்லை, தொலைநோக்கி என்று ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதலாளி வீட்டைச் சுற்றித் தென்னை மரங்கள். கம்பெனியின் மொட்டைமாடியில்தான் வானம் முழுசாகத் தெரியும். அதனால் குழாய் வீட்டிலிருந்து கம்பெனிக்கு வந்தது. இரண்டு பேர் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன், “யாரு ஊட்டை எட்டிப் பாக்கறதுக்குங்க?” என்று கேட்டானாம்.

பெருமாநல்லூர் தாண்டி இருக்கிறது எங்கள் கம்பெனி. கீழே நிட்டிங், அதாவது நூலைத் துணியாக்கும் எட்டு மிஷின்கள். முதல் மாடியில் தையலும், தைத்ததில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங்கும். அதற்கு மேல் மொட்டைமாடி. முதலாளி அய்யா இறந்த பிறகு அவர் மனைவி சித்ரகலா அம்மாதான் எல்லாவற்றையும் நடத்துகிறார். நித்யஸ்ரீ அக்கா அவருடைய மருமகள்.

செக்கிங் வேலை ஆறரை மணிக்கு முடிந்துவிடும். எங்கள் தெருவுக்குப் போகும் கம்பெனி வேன் எட்டரைக்குத்தான் கிளம்பும். இடைப்பட்ட நேரத்தில் நான் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அக்கா லேப்டாப்பையும் ஒயரையும் நாற்காலியையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு படியேறினார். நாற்காலியை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் அக்கா ஒரு கேமராவைச் செருகுவார். டீ டம்ளர் அளவுதான் இருக்கும், சிவப்பு நிறம். கோள்களைப் படம் எடுப்பதற்கென்றே செய்தது. அதற்கு லென்ஸ் கிடையாது, திரை கிடையாது, அமுக்குவதற்கு ஒரு பட்டன்கூடக் கிடையாது. தொலைநோக்கிதான் அதற்கு லென்ஸ், லேப்டாப்தான் திரை. பூமி சுற்றுவதால் வியாழன் திரையில் மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போகும். போகப் போகக் குழாயை மெல்லத் தள்ளி அதைத் திரும்ப நடுவில் கொண்டுவர வேண்டும். அது என் வேலை.

படத்தை ஒரே தடவையில் எடுப்பதில்லை. மூன்று நிமிடம் வீடியோவாக ஓடவிட்டால் ஆயிரக்கணக்கில் படங்கள் சேரும். நமக்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் காற்று சும்மா இருக்காது என்பதால் முக்கால்வாசிப் படங்கள் கலங்கிப் போயிருக்கும். லேப்டாப் எல்லாவற்றையும் பார்த்துத் தெளிவானதை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிக் கொடுக்கும்.

“உங்க செக்கிங் மாதிரியேதான் அபிராமி. என்ன, இங்க நூத்துல பத்துப் பீஸ் தேறினாலே போதும்” என்றார் அக்கா.

“நூத்துல பத்துதான் தேறும்னா அம்மா எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாங்க” என்று நான் வாய்க்குள் சொன்னேன். அக்காவுக்குக் கேட்டுவிட்டது. வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் போடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் எங்களுக்கு அந்தப் பத்தும் தேறவில்லை. கீழே ஓடும் எட்டு நிட்டிங் மிஷின்களின் அதிர்வு சுவர் வழியாக ஏறி மொட்டைமாடிக்கு வந்துவிடும். காலில் செருப்பில்லாமல் நின்றால் உள்ளங்காலில் கூசும். அந்த அதிர்வில் வியாழன் காய்ந்த எண்ணெயில் போட்ட வடை மாதிரித் திரையில் துள்ளும். மிஷின்கள் இரவும் பகலும் ஓடுகிறவை. கல்யாணமாகி ஆறு மாதமாகியும் அக்காவுக்கு ஒரு படம்கூடக் கைக்கு வரவில்லை.

மாசி மாதம் பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். சித்ரகலா அம்மா செக்கிங் டேபிளுக்கு வந்து நின்றுகொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

“புது ஆர்டர் உறுதியாயிருச்சு கண்ணு. மாடியில தகர ஷெட் போட்டு இன்னொரு தையல் லைன் ஓட்டோணும். திங்கக்கெழம ஷெட்டுக்காரர் அளவெடுக்க வர்றாரு. அதுக்குள்ள உன்ற பைப்பைக் கீழ எறக்கிரு.”

“மாடி முழுசுக்குமுங்களா அத்தை?”

“பாதி ஷெட்டு போட்டு, மீதிப் பாதியில துணி காயப் போடறதா?”

“சரிங்க அத்தை” என்று அக்கா போய்விட்டார். அவர் முகம் எனக்குத் தெரிந்த முகமாகவே இல்லை.

அன்று மாலை மாடியில் கேமராவைக்கூட வெளியே எடுக்காமல் அக்கா லேப்டாப்பில் ஒரு கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வியாழனோட ஒரு நிலா அதுக்கு முன்னாடி வருது. அந்த நிலாவோட நிழல் வியாழன் மேல கறுப்புப் புள்ளியா விழும். அந்த நேரத்துல வியாழன்ல இருக்கற பெரிய புயல், அந்தச் சிவப்புப் புள்ளியும் நம்ம பக்கம் திரும்பியிருக்கும். அப்படி ஒரு படம் கிடைச்சா அத்தைகிட்ட காட்டி, ஒரு மூலையை மட்டும் விட்டுக் குடுங்கன்னு கேட்டுப் பாப்பேன். இதுவரைக்கும் எடுத்ததையெல்லாம் காட்டினா, இந்தக் கலங்கின குட்டைக்காகவா மாடியை அடைச்சு வெச்சிருக்கேன்னுதான் கேப்பாங்க. கேக்கறதும் நியாயம்தான்.”

வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது. அக்கா அம்மாவிடம் போய், அன்று மாலை கொஞ்ச நேரம் மட்டும் நிட்டிங்கை நிறுத்த முடியுமா என்று கேட்டார். நான் சாம்பிள் மூட்டையோடு பின்னால் நின்றிருந்தேன்.

“ரோல் பாதியில இருக்கறப்ப நிறுத்தினா துணியில கோடு உழுகும்னு உனக்குத் தெரியாதா சாமி? இப்பக் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏறி வந்ததுக்கப்புறம் பளிச்சுன்னு தெரியும். அப்பறம் ஆர்டர் குடுத்த பையர் நம்ம கண்ணை நோண்டீருவான்” என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை. முடியாததை முடியாது என்று சொல்கிற குரல்.

நிட்டிங் மிஷின் ஒவ்வொன்றும் துணியை வட்டமாகப் பின்னிக் கீழே ரோலாகச் சுற்றிக்கொண்டே போகும். இத்தனை சுற்று என்று கவுன்ட்டரில் போட்டு வைத்தால் அந்தச் சுற்று முடிந்ததும் தானாக நிற்கும். அப்போது துணியை அறுத்து ரோலை இறக்கிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். அந்த இடத்தில் நின்றால் கோடு விழுந்தாலும் கவலையில்லை, அறுக்கிற இடம்தானே. ஆனால் எட்டும் எட்டு நேரத்தில் முடியும். அப்படித்தான் வைத்திருப்பார்கள். அப்போதுதான் ஓர் ஆள் சமாளிக்க முடியும்.

மறுநாள் டீ நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. மருதாளக்கா டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எட்டு மிசினும் சொல்லி வெச்சாப்பல ஒரே நேரத்துல புள்ளை பெத்தாத்தான் அந்த அம்மணிக்குப் படம். நடக்கற காரியமா?”

எல்லோரும் சிரித்தோம். நிட்டிங் பார்க்கும் அழகுமலை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் ஊர்ப் பக்கம், சாத்தூர்க்காரர்.

“பெத்துரும்” என்றார்.

“என்ன பெத்துரும்?”

“எட்டும் ஒண்ணாப் பெத்துரும்ங்கேன். இன்னைக்கு ராத்திரி இருந்தே கவுன்ட்டரைக் கூட்டிக் குறைச்சுப் போட்டா நாளைக்குச் சாயங்காலம் எட்டும் ஒரே நேரத்துல வந்து நிக்கும். ஒரு ரோல்ல ரெண்டு கிலோ கூடும், ஒண்ணுல ரெண்டு கிலோ குறையும், அம்புட்டுதான. எட்டையும் ஒத்தையா இறக்கணும்னா என் இடுப்புதான் போகும்.”

“உன்ற இடுப்பு போனா ஊர்ல யாரு அழுவா?” என்றார் மருதாளக்கா.

“அதான் நானும் சொல்லுதேன். போகட்டும். ஆனா இறக்கி முடிச்சிட்டு நான் மாடிக்கு வருவேன். ஆறு மாசமா அந்தப் புள்ள மேல என்னத்தத்தான் பாக்குதுன்னு நானும் பாக்கணும்ல.”

அக்கா மறைத்துச் செய்ய ஒப்பவில்லை. நேராக அம்மாவிடம் போய் அழகுமலை அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னார். அம்மா கணக்கு நோட்டைப் புரட்டித் துணிக் கணக்கைப் பார்த்தார்.

“கோடு உழுகக் கூடாது. துணி கொறையக் கூடாது. அதுக்கப்புறம் என்னமோ பண்ணிக்க. நான் கோயலுக்குப் போறேன், என்னைக் கூப்புடாதே.”

வெள்ளிக்கிழமை மாலை இருட்டியதும் அக்கா எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டார். வியாழன் தலைக்கு மேல் ஏறியிருந்தது. கீழே இருந்து மிஷின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. திடீரென்று அதில் ஓர் இழை குறைந்த மாதிரி இருந்தது. ஒன்று நின்றுவிட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. நான் விரல்விட்டு எண்ணினேன். ஏழு.

திரையில் வியாழன் இன்னமும் நடுங்கிக்கொண்டிருந்தது. முன்பு வடை மாதிரித் துள்ளியது, இப்போது குளிரில் நிற்கிற கோழி மாதிரி.

“இன்னும் ஒண்ணு ஓடுது. போய்ப் பாரு அபிராமி” என்றார் அக்கா. “நிழல் விழுந்தாச்சு. சிவப்புப் புள்ளி கொஞ்சத்துல மறைஞ்சிரும்.”

இரண்டு மாடிப் படியையும் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஆறாம் நம்பர் மிஷின் மட்டும் தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மதியம் அதில் ஊசி உடைந்து கொஞ்ச நேரம் நின்றிருந்ததாம். அதனால் பின்தங்கிவிட்டது. அழகுமலை அண்ணன் அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, வீட்டுக்குள் வர மறுக்கிற மாட்டோடு பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்.

“வா தாயி. உனக்காகத்தான் ஏழு பேரு நிக்காக. வந்துரு. இன்னும் கொஞ்சம்தான்.”

“அண்ணே, நிறுத்த முடியாதா?”

“நிறுத்தினா கோடு. அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கோம்ல.” கவுன்ட்டரிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. “வந்துரும் புள்ள, வந்துரும்.”

நானும் கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசி எண் மாறியது. ஆறாம் நம்பர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

அந்தக் கம்பெனியில் நான் இரண்டு வருடமாக இருக்கிறேன். அதன் மௌனத்தை அன்றுதான் கேட்டேன். மேலே தையல்காரர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. யாரோ வடக்கத்திப் பையன் இந்தியில் போனில் கொஞ்சிக்கொண்டிருந்தான். சத்தம் நின்றுபோனது தெரியாமல் கத்திப் பேசியவன், பேச்சை நடுவில் விழுங்கினான். எங்கோ ஒரு நாய் குரைத்தது. பெருமாநல்லூர் ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன்கூடக் கேட்டது.

மேலே ஓடினேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைக் காட்டினார்.

வியாழன் அசையாமல் நின்றது. லேசாகக் காற்றில் நெளிந்ததே தவிர, துள்ளவில்லை. அதன்மேல் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள். ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு நீளவட்டம். பட்டைக்கு மேலே, பேனா முனையால் தொட்டு எடுத்த மாதிரி, கன்னங்கரேலென்று ஒரு புள்ளி.

“தள்ளு, மெதுவா” என்றார் அக்கா. தள்ளினேன். மூன்று நிமிடம், அடுத்து மூன்று நிமிடம், மறுபடி மூன்று நிமிடம். அழகுமலை அண்ணன் கீழே ரோல்களை ஒவ்வொன்றாக அறுத்து இறக்கி முடிக்கும்வரை எடுத்துக்கொண்டே இருந்தோம்.

அவர் பனியன் நனைந்து மேலே வந்தபோது கீழே மிஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. திரையில் ஓடிய வீடியோவைக் குனிந்து பார்த்தார்.

“இதுக்கா எட்டு ரோலை இறக்கினேன்? அரைநெல்லிக்காய் கணக்கா இருக்கு.”

“கொஞ்சம் பொறுங்கண்ணா” என்றார் அக்கா.

லேப்டாப் பொறுக்கி, அடுக்கி, கூர்மையாக்கி முடித்தது. பட்டைகளின் ஓரத்தில் சுருள் சுருளாக மேகங்கள் தெரிந்தன. சிவப்புப் புள்ளியைச் சுற்றி ஒரு வெள்ளை ஓரம் இருந்தது. அழகுமலை அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த ஓட்டை?”

“ஓட்டை இல்லீங்ணா. நிலாவோட நிழல். அந்த நிழலுக்குள்ள நின்னு மேல பாத்தா அங்க சூரிய கிரகணம்.”

“நான் ரோல் அறுக்கும்போது அங்க கிரகணமா புடிச்சிருந்துச்சு?”

“ஆமாங்ணா.”

“சரிதான்” என்றார். பிறகு வேனில் எல்லோரிடமும் அந்தக் கிரகணத்தையே சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா முதலில் எடுத்த படத்தையும் கடைசியாக எடுத்த படத்தையும் என் போனுக்கு அனுப்பியிருந்தார். வேன் முழுக்க என் போன் கை மாறிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை அக்கா சாம்பிள் ரூமுக்குப் போய், அந்தப் படத்தை ஒரு கறுப்பு டி-ஷர்ட்டின் நெஞ்சில் பிரின்ட் போட்டுக்கொண்டு வந்தார். பேப்பரில் எடுத்துக் கொடுத்தால் அத்தை பார்க்க மாட்டார், துணியில் கொடுத்தால் பார்க்காமல் இருக்க மாட்டார் என்பது அவர் எண்ணம்.

“நான் சாயம் போடற டையிங் யூனிட் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். நீ இதை அயர்ன் பண்ணிக் கவர் போட்டு வை. சாயங்காலம் நானே குடுத்துப் பேசிக்கறேன்.”

அயர்ன் செய்து செக்கிங் டேபிளில் விரித்து வைத்துவிட்டு, கவர் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோரில் சரியான அளவுக் கவர் கிடைக்க நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் டேபிளில் டி-ஷர்ட் இல்லை.

செக்கிங்கில் கறை எடுப்பது மருதாளக்கா. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்பிரே கன் வைத்திருப்பார். எண்ணெய்க் கறையோ மைக்கறையோ எதுவானாலும் அதை வைத்து அடித்தால் போய்விடும். போகாவிட்டால் கறைக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவார். டேபிளில் யாருமில்லாமல் கிடந்த டி-ஷர்ட்டை அவர் பார்த்திருக்கிறார். நல்ல பிரின்ட். நடுவில் ஒரு கறுப்புக் கறை. வேறென்ன செய்வார்.

பெட்டியைத் தேடி ஓடினேன். அது ஏற்கெனவே அம்மாவின் முன்னால் இருந்தது. தினமும் மதியம் ரிஜெக்ட் பெட்டியைத் தன் கையாலேயே கிளறிப் பார்க்காமல் அம்மா சாப்பிட வீட்டுக்குப் போக மாட்டார். கம்பெனி நான்கு மிஷினோடு இருந்த காலத்தில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவர்தானாம் அவரும். அவர் கையில் வியாழன் விரிந்து கிடந்தது. கறுப்புப் புள்ளியைக் குறிபார்த்துக்கொண்டு ஒரு சிவப்பு அம்பு.

“இது எந்த பையருது?” என்றார் அம்மா. “கலர் நல்லாருக்குது. பிரின்ட்டும் வெடிக்கல. கறை மட்டும்தான். ஏ மருதா, அடிச்சுப் பாத்தியா?”

“ரெண்டு தடவ அடிச்சனுங்க. சுத்தியும் வெளுக்குதே தவுத்து கறை போகமாட்டீங்குதுங்க. என்ன எண்ணெயோ என்ன கெரகமோ.”

“சாம்பிள் ரூம்ல எவன் எண்ணெய்க் கையோட தொட்டான்? கூப்புடு அவனை.”

அக்கா எப்போது வருவார் என்று தெரியாது. சாம்பிள் ரூம் ஆள் வந்தால் திட்டு வாங்குவான். டி-ஷர்ட் அறுத்துத் துடைக்கிற துணியாகிவிடும். திங்கட்கிழமை ஷெட்டுக்காரர் வந்துவிடுவார். எல்லாம் ஒரே நொடியில் எனக்குள் ஓடியது. இரண்டு வருடத்தில் அம்மாவிடம் “சரிங்கம்மா” என்பதைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை.

“கறை இல்லைங்கம்மா” என்றேன்.

டேபிளில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது.

“பின்ன?”

“நெழலும்மா.”

“எதோட நெழலு?”

“நிலாவோடது.”

“பட்டப்பகல்ல என்ன அம்மணி நிலா?” என்றார் மருதாளக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து நீட்டினேன்.

“இது முதல்ல எடுத்ததும்மா. இது கடைசியா எடுத்தது.”

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் படத்தைப் பார்த்தார். விரலால் நகர்த்தி இரண்டாவதைப் பார்த்தார். மறுபடி முதலாவது. இரண்டு விரலால் பெரிதாக்கி, துணியில் ஊசி விட்டுப்போன இடத்தைத் தேடுகிற மாதிரி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“கறைன்னா இருந்த எடத்துலயே இருக்கோணும். இது நகுந்திருக்குதே.”

“ஆமாம்மா.”

“இதுக்கும் அதுக்கும் எத்தனை நேரம்?”

“அழகுமலை அண்ணன் ரோல் இறக்குன நேரம்மா.”

“எட்டும்?”

“எட்டும்.”

அம்மாவுக்கு அந்தக் கணக்கு போதுமாக இருந்தது. மெதுவாகத் தலையாட்டினார். “அந்நேரம் நான் கோயல்ல சுத்திட்டு இருந்தேன்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. “அப்ப இது குரு பகவானு?”

“ஆமாம்மா. அங்க அந்நேரம் கிரகணமாம். அக்கா சொன்னாக.”

“ஏனுங்க, குருவுக்கே கிரகணம் புடிச்சா நம்ம பாடு என்னத்துக்காகறது?” என்றார் மருதாளக்கா. ஸ்பிரே கன்னை மெல்ல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார். “நான் வேற ரெண்டு தடவ அடிச்சுட்டனே.”

இந்த முறை அம்மாவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து ஓயும் முன்பே நித்யஸ்ரீ அக்கா டையிங்கிலிருந்து வந்து வாசலில் நின்றார். அம்மா கையில் டி-ஷர்ட்டையும் அதில் சிவப்பு அம்பையும் பார்த்தவர், செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றுவிட்டார்.

“உன்ற பைப்புல எடுத்ததா கண்ணு?”

“ஆமாங்க அத்தை. சாயங்காலம் நானே உங்களுக்கு...”

“மிசின் ஓடறப்ப எடுத்தது இருக்குதா?”

அக்கா போனில் தேடி ஒன்றைக் காட்டினார். கலங்கிய மஞ்சள் குழம்பு. அம்மா அதை இடது கையிலும் என் போனை வலது கையிலும் வைத்துக்கொண்டு, ஒரே லாட்டில் வந்த இரண்டு பீஸைப் பார்ப்பதுபோல் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் கம்பெனியில் எந்தப் பீஸ் கெட்டாலும் அது தையலில் கெட்டதா, நிட்டிங்கில் கெட்டதா, அயர்னில் கெட்டதா என்று அம்மாதான் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்புக்கு மேல் பேச்சு கிடையாது.

“இது நிட்டிங் டேமேஜ்” என்றார் கடைசியில். “உன்ற கொறை ஒண்ணும் இல்லை.”

போன்களைத் திருப்பிக் கொடுத்தார். டி-ஷர்ட்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்கும் கேட்க வாய் வரவில்லை.

திங்கட்கிழமை ஷெட்டுக்காரர் டேப்போடு வந்தார். அம்மாவும் அவரும் மாடிக்குப் போனார்கள். அக்கா படியின் மேல் முனையில் நின்றார். அவருக்குக் கீழே நான், எனக்குக் கீழே மருதாளக்கா, அவருக்கும் கீழே, நிட்டிங்கை யாரிடம் விட்டுவிட்டு வந்தாரோ தெரியாது, அழகுமலை அண்ணன்.

அளவு எடுத்து முடித்து ஷெட்டுக்காரர் டேப்பைச் சுருட்டும் சத்தம் கேட்டது. அம்மா பேசினார்.

“கெழக்கு மூலையில மட்டும் ரெண்டு மூணு தகரச் சீட்டு தள்ளித் தொறக்கற மாதிரி வேணும்.”

“எதுக்குங்க?”

“அயர்ன் போட்டா ஆவி போகோணும்ல.”

“ஆவிக்கு எக்ஸாஸ்ட் பேன் வெச்சுக்கலாமுங்களே. சீட்டுத் தள்றதுன்னா சக்கரம் வெக்கோணும், ரயில் போடோணும், வேலை எச்சுங்க.”

“பேன் வேண்டாம். ஆடும்.”

“ஆடினா என்னங்க?”

“படம் கெட்டுப் போயிரும்.”

“என்ன படமுங்க?” என்றார் ஷெட்டுக்காரர்.

அக்கா சட்டென்று திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். மருதாளக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. “யாரது படியில?” என்று அம்மா கேட்க, நாங்கள் நான்கு பேரும் நான்கு பக்கம் ஓடினோம்.

இப்போது ஷெட்டில் புது லைன் ஓடுகிறது. கிழக்கு மூலையில் தைக்கிற மிஷின் கிடையாது. சாயங்காலம் அந்தப் பக்கத்துத் தகரத்தைத் தள்ளினால் அது கடகடவென்று போய் வானத்தைத் திறந்துவிடும். வாரத்தில் ஒருநாள் எட்டு ரோலும் ஒன்றாக முடிகிற மாதிரி கவுன்ட்டர் போடுவது நிட்டிங்கில் வழக்கமாகிவிட்டது. ரோல் இறக்க அழகுமலை அண்ணனுக்கு இன்னோர் ஆள் கொடுத்திருக்கிறார்கள். “குரு எப்ப வாராருன்னு முந்துன நாளே சொல்லிருங்க” என்பார் அவர், ஏதோ ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் மாமாவைப் பற்றிக் கேட்பது மாதிரி.

பையர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட சாம்பிளைச் செக்கிங் டேபிளுக்கு மேலே தொங்கவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் மற்ற பீஸ்களைச் சரிபார்ப்போம். அந்த வரிசையில் இப்போது ஒரு கறுப்பு டி-ஷர்ட்டும் தொங்குகிறது. அதன் அட்டையில் சித்ரகலா அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. சிவப்பு அம்பை அவர் எடுக்கச் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய இடத்தைத்தானே அது காட்டுகிறது என்றார்.

ஷெட் முடிந்த வாரம் இன்னொரு நிலாவின் நிழல் விழுந்தது. அன்று அம்மா மாடிக்கு வந்தார். கேமராவைக் கழற்றிவிட்டுக் கண்ணால் பார்க்கிற லென்ஸை அக்கா மாட்டிக் கொடுத்தார். கீழே எட்டு மிஷினும் நின்றன. அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிரவே இல்லை.

“மருதா” என்றார், கண்ணை எடுக்காமலே. “உன்ற ஸ்பிரே கன்னை எடுத்துட்டு வா. கறை இன்னமும் இருக்குது.”

“விடுங்கம்மா” என்றார் மருதாளக்கா. “அது போகாதுங்க. நான்தான் ரெண்டு தடவ அடிச்சுப் பாத்துட்டனே.”